முக்காலி சார் விழுங்காத மாத்திரை

"நீங்க நில்லுங்கம்மா, உட்காரக் கூடாது. உங்களுக்கு இடமே கிடையாது!"

தலைவலி மாத்திரை வாங்க வந்த பெண்மணி திருதிருவென்று விழிக்கிறார். மருந்துக்கடை வாசலில் கிடக்கும் ஒரே முக்காலியில் ஒரு பேருந்து ஓட்டுநர் உட்காரவைக்கப்பட்டிருக்கிறார். நாலு நாளாக அவருக்குத் தும்மல். கடைக்காரர் பெண்மணியைக் காட்டி ஓட்டுநருக்கு விளக்குகிறார்.

"தும்மலைக் கிளப்பிவிடுறது இந்தம்மா. உடம்புல இவங்களுக்குன்னு ஒரு முக்காலி இருக்கு, இவங்க உட்கார்ந்தாத்தான் தும்மல். நீங்க மாத்திரை. வேலை எதுவும் செய்ய மாட்டீங்க, ஆனா எழுந்திருக்கவும் மாட்டீங்க. இப்ப நீங்க என்னம்மா பண்ணுவீங்க?"

"வேற கடைக்குப் போவேன்," என்றார் பெண்மணி. போயும் விட்டார்.

இதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை முக்காலி சார். தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடுகிறது. ஓட்டுநர் கேட்ட பழைய தும்மல் மாத்திரையைக் கடைசிவரை அவர் கொடுக்கவில்லை. "அது மூளைக்குள்ளயும் நுழைஞ்சு, நம்மை விழிப்பா வச்சிருக்கிற முக்காலியிலயும் ஏறி உட்கார்ந்துக்கும். அப்புறம் பஸ்ஸை யாரு ஓட்டுறது, தூக்கமா? இந்தப் புதுசைக் கொண்டு போங்க. மூளை வாசல்ல ஒரு காவல்காரன் இருக்கான், இதைக் கண்டா கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளிடுவான்." ஓட்டுநர் தலையை ஆட்டிவிட்டு, பயணிகள் காத்திருப்பதாகச் சொல்லி ஓடினார்.

நான் அந்தக் கடைக்கு மேல்மாடியில் குடியிருக்கிறேன். பதினோரு வருடமாக இந்தக் கச்சேரி என் காதில் விழுகிறது. ஒரு வயிற்றுவலி மாத்திரைக்குக் கால் மணி நேரம் நிற்க வைத்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? ஆனால் அந்த மனிதர் ஒருநாளும் தவறான மருந்தைக் கொடுத்ததில்லை. மாத்திரையை உள்ளங்கையில் வைத்தால், அட்டையைப் பார்க்காமலே பேர் சொல்லிவிடுவார். தலைமுடிக்கு மட்டும் எந்த மருந்தையும் நம்பாமல், சீப்பை நம்பி, இருக்கிற நாற்பது முடியை இடமிருந்து வலமாகப் படுக்க வைத்திருப்பார்.

இவ்வளவு தெரிந்தவருக்கு ரத்த அழுத்தம் நூற்றெண்பது. மாத்திரை என்றால் பயம்.

பயம் என்று நான் சொல்கிறேன், அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். டாக்டரம்மா முதலில் எழுதியது இதயத்தின் முக்காலியில் உட்கார்ந்து துடிப்பைக் குறைக்கிற மாத்திரை. இரண்டே நாளில், "படி ஏற முடியல, கால் துவளுது," என்று நிறுத்திவிட்டார். அடுத்தது ரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்புச் சத்து நுழைகிற வழியை அடைப்பது. கடையின் ஷட்டரைப் பாதி இறக்கி அதை எனக்கு விளக்கினார். வாடிக்கையாளர்கள் கடை அடைத்தாயிற்று என்று திரும்பிப் போனார்கள். அதைப் போட்ட மறுநாளே கணுக்கால் வீங்குவதாக நூல் கட்டி அளந்தார். மூன்றாவது, சிறுநீரகத்தில் உப்பைத் தூக்கி மறுபடி ரத்தத்தில் போடுகிற சுமைகூலிகளின் கையைக் கட்டிவிடும். உப்போடு தண்ணீரும் வெளியே போகும். "நான் அடிக்கடி எழுந்து ஓடினா கல்லாவை யாரு பார்த்துக்கிறது?" என்று அதையும் திருப்பிக் கொடுத்தார்.

"ஊருக்கெல்லாம் மாத்திரை குடுக்கிற மனுஷன், தனக்குன்னா மட்டும் தலையைச் சுத்தித் தூர எறியறாரு," என்று அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், என்னிடம் புலம்புவார். அக்காவுக்குப் பயப்படக் காரணம் இருந்தது. முக்காலி சாரின் அண்ணன் நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்தவர், தம்பியைவிடப் பெரிய வாய். 'எல்லாம் சரியாயிடுச்சு' என்று தானாகவே ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினார். ஒரு காலையில் வலது கையும் பேச்சும் ஒன்றாகப் போய்விட்டன. ஞாயிறுதோறும் முக்காலி சார் அண்ணன் கட்டிலருகே உட்கார்ந்து இரண்டு மணி நேரம் இருவருக்குமாகச் சேர்த்துப் பேசிவிட்டு வருவார். இவருக்கும் பேச்சு போய்விட்டால் என்ன மிச்சம் இருக்கும்?

நாலாவது மாத்திரை இந்த மாதம் வந்தது. "உடம்புக்குள்ள ஒரு கத்தரிக்கோல் இருக்கு. அது வெட்டிக் குடுக்கிற துண்டுதான் ரத்தக்குழாயை இறுக்குது. இந்த மாத்திரை கத்தரிக்கோல் வாயில விரலை விட்டுடும்," என்றார். உடனே முகம் தொங்கிவிட்டது. "அதே கத்தரிக்கோல்தான் இருமலைத் தூண்டுற சாமானையும் வெட்டிப் போடுது. வெட்டலைன்னா? இருமல்தான்!"

சொன்னபடியே மூன்றாம் நாள் இருமல் வந்தது. அப்படியொரு வறட்டு இருமலை நான் கேட்டதில்லை, என் வீட்டு ஜன்னல் அதிர்ந்தது. கூடவே இன்னொரு புகார்: "கம்பெனிக்காரன் மாத்திரையைப் பெரிசாக்கிட்டான், தொண்டையில சிக்குது." பன்னிரண்டாம் நாள், இருமிக்கொண்டே வெற்றிவீரர்போல் டாக்டரம்மாவிடம் போனார். அழுத்தம் நூற்றுத்தொண்ணூறு.

அங்கே நடந்ததை அக்கா எனக்குச் சொன்னார். டாக்டரம்மா மாத்திரையை மாற்றப் பேனாவை எடுத்தபோது, அக்கா கைப்பையிலிருந்து இரண்டு அட்டைகளை எடுத்து மேசைமேல் வைத்தாராம்.

"டாக்டர், இது அவரோடது. ஒண்ணுகூடக் குறையலை. இது என் மூட்டுவலிக்கு நீங்க குடுத்த சுண்ணாம்புச் சத்து மாத்திரை. இதுல பன்னெண்டைக் காணோம்."

மருந்து விழுங்கும்போது குழந்தைபோல் கண்ணை இறுக மூடிக்கொள்கிற வழக்கம் நம்மவருக்கு. சாப்பாட்டு மேசை டப்பாவுக்குள் கையை விட்டு, அகப்பட்ட அட்டையிலிருந்து பிதுக்கி வாயில் போட்டிருக்கிறார். கண்ணைத் திறந்திருந்தால் பத்தடி தூரத்திலிருந்தே கண்டுபிடித்திருப்பார். உள்ளே போகாத மாத்திரைக்கு ஒன்பது நாள் இருமியிருக்கிறார்!

"அப்ப அந்த இருமல்?" என்று முக்காலி சார் கேட்டாராம்.

"அதை நீங்கதான் சொல்லணும், எல்லா முக்காலியும் தெரிஞ்சவரு," என்றாராம் டாக்டரம்மா. "நிஜமாவே இருமல் வந்தா வாங்க, மாத்தித் தரேன். அதுவரைக்கும் இதையே யாராவது பார்க்கிற மாதிரி விழுங்குங்க. உங்க வீட்டுல ஏற்கெனவே ஒருத்தர் பேச்சு போயிருக்கு."

அன்று சாயங்காலம் கடையில் யாருக்கும் விளக்கம் கிடைக்கவில்லை. வந்தவர்கள் பயந்துபோய், "சாருக்கு உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார்கள். எனக்கே அந்த அமைதி பொறுக்கவில்லை, வேண்டுமென்றே இறங்கிப்போய் ஒரு தைலம் வாங்கினேன். தாளில் சுற்றிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார்.

மறுநாள் ஞாயிறு. அக்கா என்னையும் துணைக்குக் கூப்பிட்டார். அண்ணன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், வழக்கமான பேச்சுக்குத் தயாராக. முக்காலி சார் சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து, பெயர் தெரியும்படி அண்ணன் முகத்துக்கு நேரே பிடித்தார். அண்ணன் நிதானமாகப் படித்துத் தலையசைத்தார். மாத்திரை வாய்க்குள் போனது, தண்ணீரும் போனது. அறுபது வயதை நெருங்குகிற மனிதர், வாயைப் பிளந்து நாக்கை நீட்டிக் காட்டினார்.

அண்ணன் கூர்ந்து பார்த்தார். திருப்தியில்லை. நல்ல கையின் ஆள்காட்டி விரலை மெதுவாக மேல்நோக்கி ஆட்டினார், நாக்கைத் தூக்கு என்று. தம்பி தூக்கிக் காட்டினார்.