பை அக்கா

மாவுக் கரைசல் பாதி நிரப்பிய பையொன்றைத் தன் வயிற்றிலேயே ஒட்டிக்கொண்டு, மேலே சீருடையை இழுத்துவிட்டு, மூன்று மாடி ஏறி இறங்கிய பிறகுதான் அன்றைய முதல் நோயாளியிடம் வருகிறார். வாசலில் குனிந்து செருப்பு வாரை ஒருமுறை கழற்றி மாட்டிப் பார்க்கிறார். கசியவில்லை. "இந்தக் கம்பெனிக்காரன் பரவாயில்ல. போன மாசம் வந்தவனோட பை பஸ்ல என் மானத்தை வாங்கிடுச்சு."

மருத்துவமனையில் எல்லோருக்கும் இந்த நர்ஸ் பை அக்கா. புதிதாக வரும் பை எதையும் தன் வயிற்றில் ஒட்டிச் சோதித்த பிறகே நோயாளிக்குக் கொடுப்பார். மலக்குடல் புற்றுக்கு அறுவை செய்யும்போது சிலருக்கு ஆசனவாயை மூடிவிட்டு, குடலின் நுனியை வயிற்றுக்கு வெளியே எடுத்துத் தைத்துவிடுவார்கள். அதன்பின் மலம் வயிற்றிலுள்ள அந்தப் புது வாய் வழியே, அதன்மேல் ஒட்டிய பையில் சேரும். அந்த வாய் எங்கே அமைய வேண்டும் என்று அறுவைக்கு முந்தின நாளே வயிற்றில் மையால் குறித்துக் கொடுப்பது அக்காவின் வேலை.

வேலைக்கு வந்த புதிதில், எண்பத்தாறு வயது அம்மாள் ஒருவரைப் படுக்கவைத்தே குறித்துவிட்டார். அறுவை முடிந்து அந்த அம்மாள் எழுந்து உட்கார்ந்தபோதுதான், குறித்த இடம் தளர்ந்த சதையின் மடிப்புக்குள் போய்விட்டது தெரிந்தது. எட்டு மாதம் பை சரியாக ஒட்டாமல் தோல் வெந்தது. இப்போதெல்லாம் வயதானவர்களை உட்காரச் சொல்வார், குனியச் சொல்வார், பேரனைத் திட்டுவதுபோல் கத்தக்கூடச் சொல்வார். எப்படி இருந்தாலும் அவர்கள் கண்ணுக்குத் தெரிகிற, கைக்கு எட்டுகிற இடம்தான் கணக்கு.

சென்ற வாரம் வந்தவருக்குத் தொண்ணூற்றொரு வயது. லாரி மெக்கானிக்காக இருந்தவர். இதயமும் நுரையீரலும் அறுவையைத் தாங்கும் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். மகனுக்கும் சம்மதம். பெரியவர் மட்டும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"வயித்துக்குப் புதுசா ஒரு குடித்தனக்காரன் வரப்போறான் ஐயா. வாடகை தரமாட்டான், நேரங்காலம் பாக்காம சத்தம் மட்டும் போடுவான்" என்றார் அக்கா.

"இடிஞ்சு விழப்போற வீட்டுக்கு எதுக்கும்மா குடித்தனம்?"

"எல்லாத்தையும் உங்க மருமக பாத்துக்குவாப்பா" என்றார் மகன்.

"அதுக்குத்தான்டா வேண்டாங்கறேன். அந்தப் பொண்ணு என் பீயை அள்ளித்தான் நான் பொழைக்கணுமா?"

அக்கா மகனிடம், "நீங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க தம்பி. மெதுவா" என்றார். பிறகு பெரியவரிடம், "பொழைப்பீங்களான்னு நான் சொல்லமுடியாது, அது டாக்டருங்க பேச்சு. பொழைச்சா இதை நீங்களே பண்ணிக்க முடியுமான்னு மட்டும் இப்பவே பாத்துடலாம். முடியலன்னா அப்புறம் வேண்டாம்னு சொல்லுங்க, நானே டாக்டர்கிட்ட பேசுறேன்" என்றார்.

பெரியவர் எழுந்து உட்கார்ந்தார். குனியவும் நிமிரவும் சொல்லிப் பார்த்து, அக்கா அவர் வயிற்றில் ஒரு மைப்புள்ளி வைத்தார்.

பையின் ஒட்டும் தகட்டில் அளவாக வட்டம் வெட்ட வேண்டும், தாளை உரித்துச் சுருக்கமில்லாமல் ஒட்ட வேண்டும். பெரியவர் கத்தரியை எடுத்தார். முதல் வட்டம் முட்டையாக வந்தது. இரண்டாவது விரலிலேயே ஒட்டிக்கொண்டது. அக்கா தன் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்திருந்தார். விட்டால் அவை தாமாக உதவிக்குப் போய்விடும்.

"கொஞ்சம் பிடியேம்மா."

"மாட்டேன். உங்க வீட்டுக்கு நானா வரப்போறேன்?"

"கல்நெஞ்சுக்காரி."

"இஞ்சின்ல எண்ணெய் கசியாம கேஸ்கெட் வெட்டி வெச்ச கைதானே? அப்படி நினைச்சு வெட்டுங்களேன்."

"கேஸ்கெட்டை இப்படியா வெட்டுவாங்க?" பெரியவருக்குக் கோபமே வந்துவிட்டது. முழங்கையைக் கட்டில் விளிம்பில் ஊன்றினார். "கத்தரியைத் திருப்பக் கூடாது. தகட்டைத்தான் திருப்பணும். பாத்துக்க." கத்தரி நின்ற இடத்திலேயே நிற்க, தகடு மெல்லச் சுழன்றது. வட்டம் வட்டமாகவே வந்தது. தாளை உரித்து, வயிற்று மைப்புள்ளியின்மேல் வைத்து, உள்ளங்கையால் நெடுநேரம் அழுத்தினார்.

மகன் திரும்பி வந்தபோது பெரியவர் சட்டையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"நாளைக்கு ஆப்பரேஷனுக்கு எத்தனை மணிக்குக் கூட்டிட்டுப் போவாங்க?" என்று கேட்டார்.

அக்கா அவர் எதிரில் குந்தி, பையைக் கொத்தாகப் பிடித்துத் தன் பக்கம் ஒரு இழுப்பு இழுத்தார். பை பிடியை விடவில்லை; பெரியவர்தான் ஓரடி முன்னால் வந்தார்.