கிருஷ்ணப்பனின் கட்டைவிரல்

சுகுணா மாதிரி ஒரு பிடிவாதக்காரியை நான் பார்த்ததில்லை. மாரண்டஹள்ளியிலிருந்து பெங்களூர் ஆய்வகத்துக்கு வேலைக்கு வந்து, என் பக்கத்து மேசையில் உட்கார்ந்தவள். அப்பா கிருஷ்ணப்பன் புகையிலையை விடும்வரை அவரோடு பேசுவதில்லை என்று இரண்டு மாதம் முறைத்துக்கொண்டிருந்தாள். "வுட்டுட்டேன் கண்ணு, முனியப்பன் மேல சத்தியம்" என்று அவர் போனில் சொன்ன பிறகுதான் வாயைத் திறந்தாள்.

தக்காளியில் எந்தப் பொருள் எந்த இடத்தில் இருக்கிறது என்று படமெடுப்பது எங்கள் வேலை. தோலை உரித்துக் கண்ணாடியில் விரித்தால், இயந்திரம் லேசரால் புள்ளி புள்ளியாகச் சுட்டு, கிளம்பும் மூலக்கூறுகளை எடைபோட்டு, ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக ஒரு படம் தரும்.

கார்த்திகையில் மாதிரி எடுக்க கிருஷ்ணப்பனின் தக்காளித் தோட்டத்துக்கே போனோம். கையுறை இல்லாமல் பழத்தைத் தொடக்கூடாது என்று சுகுணா பத்து முறை சொல்லியிருந்தாள். அவர் எங்கே கேட்டார்? பாலக்கோடு மார்க்கெட்டுக்குப் போகும் கூடையில் மேல்வரிசைப் பழத்தை மினுக்காமல் அனுப்பியறியாத மனிதர். நாங்கள் கைகழுவி வருவதற்குள், பறித்து வைத்த பழங்களைத் துண்டால் துடைத்து மறுபடி டப்பாவில் அடுக்கிவிட்டார். பழம் பளபளத்தது, எங்களுக்கு உறைக்கவில்லை. அன்று சாப்பிட்ட களியும் தக்காளிக் கொஜ்ஜும் இன்னும் நாக்கில் நிற்கின்றன. அந்த நாளை நினைத்தாலே ஏக்கமாக இருக்கிறது.

கிளம்பும்போது மோட்டார் ரூமுக்குப் பின்னால் அவரைப் பார்த்தேன். அன்றைக்கு எத்தனையாவது தடவையோ, உள்ளங்கையில் புகையிலையும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டைவிரலால் கசக்கிக்கொண்டிருந்தார்.

"பாப்பாகிட்ட சொல்லிராதீங்கம்மா. இப்பதான் பேசுது."

நான் சொல்லவில்லை.

பங்குனியில் அவர் மாரடைப்பில் போய்விட்டார். பழங்கள் உறைபெட்டியில் இருந்தன. போன வாரம்தான் அவற்றின் முறை வந்தது. நிக்கோட்டின் படத்தைத் திறந்தாள் சுகுணா. தக்காளியில் அது இருந்தாலும் துளியூண்டுதான் இருக்கும். இங்கேயோ தோலின் நடுவில் முழுசாக ஒரு கட்டைவிரல், ரேகை ரேகையாக.

திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல நான் உட்கார்ந்திருந்தேன்.

"பாருங்கக்கா எங்கப்பன" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, கெட்டுப்போன மாதிரிகளின் பதிவேட்டில் 'வெறுங்கையால் தொட்டது' என்று எழுதினாள்.

எனக்குத் தாங்கவில்லை. "அன்னைக்கே நான் பாத்தேன் சுகுணா. சொல்லாம வுட்டுட்டேன்."

அவள் திரையில் அந்த ரேகையைப் பெரிதாக்கினாள்.

"சொல்லாததே நல்லதுங்கக்கா. தெரிஞ்சிருந்தா சாவற வரைக்கும் அவர்கிட்ட பேசியிருக்க மாட்டேன்."