ஏட்டையாவுக்குக் கிடைத்த வெளிநாட்டு வேலை

போலீஸ்காரர்களுக்கான பயிற்சி வகுப்பைத் தென்காசியில் வைத்திருந்தால் பாதிப் பேர் வயிற்றுவலி என்று சொல்லியிருப்பார்கள். குற்றாலத்தில், அதுவும் சாரல் காலத்தில் என்றதும் கூப்பிடாதவர்கள்கூட வந்து நின்றார்கள். காலையில் மண்டப வாசலில் அடுக்கியிருந்த பைகளைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் துண்டு எட்டிப் பார்த்தது. ஒன்றிரண்டில் நல்லெண்ணெய் பாட்டில் வேறு. நான் சைபர் குற்றப் பிரிவில் சப்-இன்ஸ்பெக்டர், அன்றைக்குப் பாடம் எடுக்க வேண்டியவள். எல்லோரையும் ஒரு முறை முறைத்தேன். என் பையிலும் துண்டு இருந்ததால் ரொம்ப நேரம் முறைக்க முடியவில்லை.

பாடம் இதுதான். வெளிநாட்டில் கம்ப்யூட்டர் வேலை என்று போனில் விளம்பரம் வரும். நம்பிப் போகிற பையன்கள் சுற்றுலா விசாவில் தாய்லாந்தில் போய் இறங்குவார்கள். அங்கிருந்து எல்லை தாண்டிக் கூட்டிப்போய், வேலி போட்ட கட்டடத்தில் அடைத்து, பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, இணையத்தில் ஊரை ஏமாற்றச் சொல்வார்கள். மாட்டேன் என்றால் அடி, பட்டினி. போனபின் மீட்பது பெரும்பாடு. போவதற்கு முன்னால் தடுக்கலாம். ஆனால் அதற்கு அந்தப் பையன் நம்மிடம் மனம் விட்டுப் பேச வேண்டும். போலீஸ்காரனிடம் எவன் மனம் விட்டுப் பேசுவான்?

அதற்காகத்தான் ஒரு நடிப்புப் பயிற்சி வைத்தேன். நான் ஏஜெண்ட். அவர்கள் வேலை தேடும் பையன்கள். போனில் என்னிடம் வேலை கேட்க வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பையன் எப்படி மயங்குகிறான் என்று உள்ளே இருந்து பார்த்தால்தான் அவனோடு பேச வரும் என்பது என் கணக்கு.

அதில் மண் விழுந்தது. முதலில் வந்த கான்ஸ்டபிள் "வணக்கம் சார், வேலை இருக்கா?" என்று ஒழுங்காகத்தான் ஆரம்பித்தார். அடுத்த வரியிலேயே "ஒன் பேரு என்ன, அப்பன் பேரு என்ன, எந்த ஊரு?" என்று ஏஜெண்டை விசாரிக்கத் தொடங்கிவிட்டார். அடுத்தவரும் அப்படியே. ஆலங்குளம் பக்கத்து ஏட்டையா ஒருவர், ரிட்டயர்மெண்ட் வாசலில் நிற்பவர், நல்ல தொந்தி, அதைவிட நல்ல மனசு. அவர் போனைக் காதில் வைத்த வேகத்திலேயே, "ஏலே, மரியாதையா ஸ்டேசனுக்கு வந்துரு" என்றார். மண்டபமே சிரித்தது.

"ஏட்டையா, நீங்க வேலை கேட்டு வந்திருக்கீங்க" என்றேன்.

"என்னம்மா செய்ய? சர்வீஸ் பூராம் கேள்வி கேட்டே பழகிட்டு. வாய் தானா வருது."

எனக்குக் கோபம்தான் வந்தது. இந்தக் கூட்டத்தை வைத்துக்கொண்டு ஒரு பையனையும் காப்பாற்ற முடியாது என்று அலுத்துக்கொண்டேன். மதியம் ஆனதும், குளித்துச் சாப்பிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டு நானும் மெயினருவிக்குப் போனேன். அருவி நன்றாக விழுந்துகொண்டிருந்தது. பெண்கள் பக்கம் போய்த் தலையைக் கொடுத்ததும் கோபமெல்லாம் தண்ணீரோடு போய்விட்டது.

தலை துவட்டும்போது பக்கத்தில் ஒரு அம்மா, கீழப்பாவூர்க்காரர், தானாகப் பேச்சுக் கொடுத்தார். "எம் மவன் நாளைக்கு வெளிநாடு போதான். போறதுக்கு முன்ன எல்லாரும் ஒருக்கா அருவியில தலய நனைச்சிருவோம்னு வேன் பிடிச்சு வந்தோம்."

"என்ன வேலை, அக்கா?"

"கம்ப்யூட்டர் சோலியாம். தாய்லாந்துல. இண்டர்வியூகூட இல்லம்மா, போன்லயே எடுத்துக்கிட்டாவ. டிக்கெட்டும் அவுகளே எடுத்துத் தந்துட்டாவ. யாரு இந்தக் காலத்துல அப்படிச் செய்வா?"

எனக்குத் திக்கென்றது. "என்ன விசா? ஏஜெண்ட் யாரு? எந்த ஊர்க்காரன்? நம்பர் இருக்கா?" என்று மூச்சு விடாமல் கேட்டேன். கேட்கும்போதே என் தவறு எனக்குத் தெரிந்தது. அந்த அம்மாவின் முகம் அப்படியே இறுகிப்போனது.

"நீங்க யாரு?"

போலீஸ் என்றேன். வேறு என்ன சொல்ல? "நல்ல காரியத்துக்குப் போற நேரத்துல இது என்ன போலீசு?" என்று முனகியபடி ஈரச் சேலையோடு அவர் விலகிப் போய்விட்டார். காலையிலிருந்து நான் பாடம் எடுத்த லட்சணம் இது.

பின்னாலேயே போனேன். வேன்கள் நிற்கிற இடத்தில் பாயை விரித்து அந்தக் குடும்பம் பிரியாணிச் சட்டியைத் திறந்துகொண்டிருந்தது. நடுவில் அந்தப் பையன், கழுத்தில் யாரோ போட்ட மாலையோடு. கொஞ்சம் தள்ளி மசாஜ்காரரிடமிருந்து அப்போதுதான் எழுந்த என் ஏட்டையா, இடுப்பில் ஒற்றைத் துண்டு, உடம்பெல்லாம் எண்ணெய். அவரை மறித்து விஷயத்தைச் சொன்னேன். "நான் கெடுத்துட்டேன் ஏட்டையா. நீங்க போய்ப் பேசுங்க."

"இந்தா, உடுப்பைப் போட்டுட்டு வாரேன்மா."

"வேண்டாம். இப்படியே போங்க."

ஒரு பெண் அதிகாரி இப்படி உத்தரவு போட்டு அவர் கேட்டதில்லை போல. துண்டை இறுக்கிக்கொண்டு போனார். நான் பழக்கடை மறைவில் நின்று மங்குஸ்தானைப் பொறுக்குவதுபோல் காதைத் தீட்டிக்கொண்டேன். இவர் "அப்பன் பேரு என்ன" என்று ஆரம்பித்தால் தொலைந்தோம்.

"மாலையும் கழுத்துமா இருக்கீரே, என்ன மாப்ள, கல்யாணமா?" என்றார் ஏட்டையா.

எல்லோரும் சிரித்தார்கள். பையன் வெளிநாட்டுக் கதையைச் சொன்னான். அந்த அம்மா ஒரு தட்டுப் பிரியாணியை நீட்டினார். எண்ணெய்க் கையோடு அதை வாங்கிக்கொண்டு ஏட்டையா பெருமூச்சு விட்டார். "எனக்கும் வேலை முடியப் போவுது மக்கா. வீட்டுல சும்மா இருந்தா அவ ஏசியே கொன்னுருவா. எனக்கு ஒரு சோலி கெடைக்குமான்னு ஒங்க ஆளுகிட்ட கேட்டுப் பாரேன்."

காலையில் வராத நடிப்பு அப்போது வந்துவிட்டதா, இல்லை உண்மையாகவே கேட்டாரா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். பையன் நல்ல மாதிரி. உடனே ஏஜெண்டைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டான். குரல் தேனாக ஒழுகியது.

"வயசு என்ன சார்?"

"அறுபதைத் தொடப் போறேன்."

"பரவாயில்ல சார். கம்ப்யூட்டர் தெரியுமா?"

"எம் பேரன் ஒண்ணு வச்சிருக்கான். நான் தொட்டா அழுவான்."

"அது பரவாயில்ல சார், அங்க சொல்லிக் குடுப்பாங்க. இங்கிலீஷ்?"

"எஸ் சார் வரும். நோ சார் எனக்குப் பழக்கமில்ல."

"போதும் சார்."

"முட்டு வலி உண்டு. ராத்திரி எட்டு மணிக்கு மேல கண்ணு சொக்கிரும்."

"ஏசி ரூம் சார், உக்காந்துதான் வேலை. பாஸ்போர்ட் மட்டும் எடுத்துருங்க. தம்பி பாக்கப் போற அதே வேலை, அதே சம்பளம். அடுத்த பேட்ச்ல ஏத்தி விட்டுர்றேன்."

பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பழக்கடைக்காரர் சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. பையனும் சிரித்தான். அப்புறம் மெல்ல அவன் சிரிப்பு நின்றது. எண்ணெய் வழிய, மீசையில் பருக்கையோடு உட்கார்ந்திருந்த ஏட்டையாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவன். ஆங்கிலப் பயிற்சிக்கென்று தென்காசிக்கு பஸ்ஸில் வந்து போனவன்.

போனை வாயருகே கொண்டுபோனான். "அண்ணே, நான் அனுப்புன சர்டிபிகேட் எல்லாம் பாத்தீங்களா?"

"அதெல்லாம் எதுக்கு தம்பி? பாஸ்போர்ட்டைப் பத்திரமாக் கொண்டாந்தாப் போதும்."

பையன் போனை வைத்தான். ஏட்டையா தட்டைக் கீழே வைத்துவிட்டு அவன் தோளில் கை போட்டார். "நான் ஏட்டுதான் மக்கா. என்னைப் போயி எவன் கம்ப்யூட்டர் சோலிக்கு எடுப்பான், சொல்லு?" அவ்வளவுதான் சொன்னார்.

அப்போதுதான் நான் போய்ப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தேன். இந்த முறை எதையும் கேட்கவில்லை. அங்கே போனால் என்ன ஆகும் என்பதை நிதானமாகச் சொன்னேன். அந்தக் காசைக் கடனாக எழுதி ஆளைப் பிடித்து வைக்கத்தான் டிக்கெட்டை அவர்களே எடுக்கிறார்கள் என்பதையும் சொன்னேன். பையன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு மாலையைக் கழற்றி வைத்தான். தன்னோடு கிளம்பவிருந்த மற்ற பையன்களின் வாட்ஸப் குரூப்பைத் திறந்து, "யாரும் ஏறாதீங்கலே, எல்லாம் ஏமாத்து" என்று பேசி அனுப்பினான். ஏஜெண்டின் நம்பரையும் அவனே என்னிடம் நீட்டினான். எனக்கு அவனை அப்படியே கட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது.

அந்த அம்மா என்னைத் திட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். கனவு கலைந்த வீட்டில் யாரையாவது திட்டத்தானே வேண்டும். அவரோ கரண்டியைப் பிடித்தபடி மகனையே பார்த்தார்.

"அப்ப நீ நாளைக்குப் போவலையாலே?"

"போவலம்மா."

அவர் முகம் கோணியது. என் பக்கம் திரும்பினார். "வழியனுப்புத நேரத்துல அழக்கூடாதுன்னு காலையில இருந்து நெஞ்சுக்குள்ளயே வச்சிருக்கேன் தாயி. இப்ப அழுவலாம்லா?"

அழுங்கக்கா என்றேன். அருவிச் சத்தத்தையும் மீறி, மகனின் ஈரத் தலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஊரே திரும்பிப் பார்க்கும்படி வாய்விட்டு அழுதார். யாரும் அவரைத் தேற்றவில்லை.