சீக்டவாகா பெர்னி தோற்ற திங்கட்கிழமை

எங்கள் ஊர் அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்குத் தலைமைக் கோச்சாக வருகிறவர்களுக்குச் சம்பளம் அதிகம், ஆயுள் குறைவு. பத்தொன்பது வருஷமாக வானொலி நிலையத்தில் நேயர் அழைப்புகளை எடுக்கிறேன். அதற்குள் ஏழு பேர் வந்து போய்விட்டார்கள். ஏழு பேரையும் மூட்டை கட்ட வைத்தது தான்தான் என்று எங்கள் நேயர் பெர்னி என்கிற பெர்னடெட் ஸ்விடர்ஸ்கி சொல்லிக்கொள்வார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் அதை அவரிடமே சொல்கிற தைரியம் எனக்குக் கிடையாது.

பெர்னி சீக்டவாகாவில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் இறைச்சி வெட்டித் தரும் கவுண்டரில் இருபத்தெட்டு வருஷம் நின்றவர். அரை பவுண்டு ஹாம் வாங்க வந்தவன், தடுப்பாட்டம் எப்படி ஆட வேண்டும் என்று முழுப்பாடம் கேட்டுவிட்டுத்தான் போக முடியும். வெட்டுகிற மெஷினை நிறுத்திவிட்டு, நாலு துண்டு சீஸைப் பலகையில் அடுக்கி, "இவன் இங்க நிக்கணும், அவன் அங்க" என்று ஆரம்பித்துவிடுவார். கணவர் ஸ்டான் தபால்காரர். ஆட்டத்தில் துளியும் அக்கறை இல்லாத தங்கமான மனுஷர். ஊரே டிவி முன்னால் கிடக்கும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் அவர் மட்டும் கடைக்குப் போய் வருவார். அன்றைக்குத்தான் பார்க்கிங் கிடைக்குமாம்.

திங்கட்கிழமை பெர்னிக்கு விடுமுறை. காலை பத்தேகாலுக்கு என் போன் அடிக்கும்.

"தம்பி டென்னி, என்னை லைன்ல போடு. அந்தக் கோச்ச இன்னிக்கு உரிச்சுத் தொங்கவிடணும்."

எங்கள் நிகழ்ச்சியில் நேயர்களுக்கு ஊர்ப் பெயர்தான் குடும்பப் பெயர். அவர் சீக்டவாகா பெர்னி. அவருடைய பரம எதிரி லாக்கவானா விக். விக், நகராட்சியில் பனி தள்ளுகிற லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். இரண்டு ஊருக்கும் நடுவே காரில் பதினைந்து நிமிஷம். பத்தொன்பது வருஷமாகச் சண்டை போட்டும் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

கோச்சுகள் மாறினாலும் சண்டையின் வேர் ஒன்றேதான். பந்தை எறிய வேண்டிய குவார்ட்டர்பேக், எறியாமல் தானே தூக்கிக்கொண்டு ஓடினால் அவனை எப்படி அடக்குவது? கூட்டாளியிடம் பந்தைக் கொடுப்பதுபோல் அவன் பாசாங்கு செய்வான். எல்லோரும் கூட்டாளியைத் துரத்துவார்கள். இவன் பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, காலியாகக் கிடக்கும் மறுபக்க ஓரத்தில் பிய்த்துக்கொண்டு போய்விடுவான். அதனால் ஓரத்தில் நிற்கிற தடுப்பாட்டக்காரனைப் பார்த்து எங்கள் ஊர்க் கோச்சுகள் பள்ளிக்கூட நாளிலிருந்தே கத்துகிற வார்த்தை ஒன்று உண்டு: "வீட்டுல இரு!" பந்து எங்கே போவதுபோல் தெரிந்தாலும் உன் இடத்தை விட்டு அசையாதே என்று அர்த்தம். பெர்னி வீட்டில் இருக்கிற கட்சி. விக் துரத்துகிற கட்சி.

"வாசல்ல ஒருத்தன் நின்னாப் போதும்யா விக். திருடன் எப்படியும் அந்த வழியாத்தான் வரணும்."

"நீ வாசல்லயே நில்லு பெர்னி. அவன் கொல்லப்பக்கமா மொத்தத்தையும் அள்ளிட்டுப் போவான். எட்டுப் பேர ஏவி விட்டு அவன மண்ணக் கவ்வ வைக்கணும்."

"எட்டுப் பேரோட ஒம்பதாவதா உன் மூளையையும் அனுப்பிடு. நீதான் அத உபயோகப்படுத்துறதே இல்லையே."

போன வருஷம் வசந்தத்தில் பெர்னியின் குரல் கம்மியது. கத்திக் கத்திப் போனது என்று நினைத்தார். டாக்டர் அப்படி நினைக்கவில்லை. புற்றுநோய். குரல்வளையையே எடுத்துவிட்டார்கள்.

செப்டம்பரில் ஆட்டங்கள் தொடங்கின. பத்தேகாலுக்குப் போன் அடிக்கவில்லை. ஒருநாள் ஸ்டான் பேசினார்.

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்காப்பா. கோச்ச வைய வேண்டியதெல்லாம் தாள்ல எழுதி என்னப் படிக்கச் சொல்றா. பாதி வார்த்த எனக்கு வாயிலயே வர மாட்டேங்குது."

அக்டோபர் கடைசியில் மறுபடியும் பத்தேகால் அழைப்பு வந்தது. கழுத்தில் வைத்து அழுத்தினால் பேச்சை உண்டாக்கித் தருகிற சின்னக் கருவி ஒன்று உண்டு. ஏற்ற இறக்கமே இல்லாமல், முகம் மழிக்கிற மெஷினுக்கு வாய் முளைத்ததுபோல் இருக்கும் அந்தக் குரல்.

"டென்னி... லைன்ல... போடு."

நான் அழுதுவிட்டேன். சொல்வதற்கு என்ன வெட்கம்? இந்த வேலை எனக்குக் கிடைத்ததற்காக முதல்முறையாகக் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

அந்த ஞாயிறு எங்களோடு மோத இருந்தது மேப்ரியின் அணி. அவனைவிட வேகமாக ஓடுகிற குவார்ட்டர்பேக் அந்த வருஷம் யாரும் இல்லை. பெர்னி தன் திட்டத்தைச் சொன்னார்: ஓரத்து ஆட்கள் வீட்டில் இருக்க வேண்டும், எங்கள் கோச் ஹான்லன் ஒருவனையும் துரத்த விடக்கூடாது. வானொலியில் மூன்று விநாடி மௌனம் கொலைக்குற்றம். அன்றைக்கு எங்கள் தொகுப்பாளர் ராண்டி நாலு நிமிஷம் பொறுமையாகக் காத்திருந்தான். ஊரே கூப்பிட்டு வாழ்த்தியது. கடைசியாக விக் வந்தார். நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"பெர்னி சொன்னது அத்தனையும் சரி. எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. உடம்பப் பாத்துக்குங்க மேடம்."

நிகழ்ச்சி முடிந்ததும் பெர்னி என்னைக் கூப்பிட்டார்.

"மேடமாம்... மேடம்."

"மரியாதையாத்தானே சொன்னாரு பெர்னி?"

"நோய் பாக்க வந்தவன் மாதிரி... பேசிட்டுப் போறான். என் பேச்ச... அவன் கேக்கல... மெஷினத்தான் கேட்டான்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "டாக்டருக்கு நன்றி சொன்னேன். நர்சுக்குச் சொன்னேன். தெனம் சூப் வச்சுத் தர்ற... ஸ்டானுக்குச் சொன்னேன். இந்த இரக்கத்துக்கு... எப்படிடா... நன்றி சொல்றது? இனிமே... கூப்பிட மாட்டேன்."

வைத்துவிட்டார். பெர்னி சொன்ன சொல் தவறாதவர். எனக்கு வந்த ஆத்திரத்தில் விக்கின் நம்பரைச் சுழற்றினேன்.

"உங்களுக்கு என்னங்க கேடு? ஒரு வார்த்த எதுத்துப் பேசினா வாய் தேஞ்சா போயிடும்?"

"தம்பி, என் பொண்டாட்டி போனது இதே நோயில. அந்தச் சத்தத்தக் கேட்டதும் எனக்குத் தொண்டைய அடைச்சிடுச்சு. நான் எப்படிடா சண்ட போடுவேன்?"

மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வைத்தேன்.

ஞாயிறு வந்தது. பெர்னி சொன்னதைக் கேட்டவர்போலவே ஆடினார் கோச் ஹான்லன். ஓரத்து ஆட்கள் இம்மி அசையவில்லை. மேப்ரி மொத்தமே பத்தொன்பது கெஜம்தான் ஓடினான். ஓட வேண்டிய அவசியமே அவனுக்கு இல்லை. யாரும் துரத்தாததால் நின்ற இடத்திலேயே நின்று, நிதானமாகப் பார்த்துப் பார்த்து எறிந்தான். முப்பத்தொன்றுக்குப் பத்து. தோற்றோம்.

திங்கட்கிழமை பத்தேகாலுக்குப் போன் வரவில்லை. பத்து இருபதுக்கு விக் வந்தார்.

"என்ன பேசப் போறீங்க?" என்று வழக்கம்போல் கேட்டேன்.

"அந்த சீக்டவாகாக்காரியப் பத்தித்தான். போடு என்னை!"

போட்டேன்.

"வீட்டுல இருங்கடான்னா சோபால கால நீட்டி உக்காந்துட்டானுங்க! மேப்ரி முட்ட பொரிச்சுத் தின்னுட்டு எறிஞ்சிருக்கலாம், அவ்வளவு நேரம் இருந்துச்சு அவனுக்கு! இந்தக் கேடுகெட்ட யோசனையச் சொன்னது யாரு? நீதான் பெர்னி! ஹாம் வெட்டுற மாதிரி எங்க எல்லாரையும் வெட்டிட்ட!"

ராண்டி தலையில் கைவைத்தான். மூன்றாவது லைன் மின்னியது.

"போடுடா... சீக்கிரம்."

இருவரையும் இணைத்தேன்.

"யோவ்... விக். ஓரத்து ரெண்டு பேர்தான்... வீட்டுல. நடுவுல நாலு பேர்... துரத்தணும்னு... சொன்னேன். உன் காதுல என்ன... பனியா அடச்சிருக்கு? அந்த—"

"எங்க சொன்ன? எப்ப சொன்ன?" முடிக்க விடவில்லை விக். "தம்பி, போன வாரத்து டேப்பப் போடு!"

தேடி எடுத்து ஒலிபரப்பினேன். நாலு நிமிஷமும் ஓடியது. நாலு பேர் என்ற பேச்சே அதில் இல்லை. ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு செலவழிக்கிற மனுஷி, வாக்கியங்களைச் சுருக்கிச் சுருக்கி அதை விழுங்கியிருந்தார். ஒருவனையும் துரத்த விடக்கூடாது என்றே ஊர் முழுக்கக் கேட்டது.

"விட்டுட்டேன் போல," என்றார் பெர்னி. "சரி... இந்த வாரம்... நீ ஜெயிச்ச."

பத்தொன்பது வருஷத்தில் அந்த வாக்கியம் எங்கள் நிலையத்தில் ஒலித்ததில்லை. "எல்லாரும் எழுதி வச்சுக்குங்க!" என்று கூவினார் விக். "அடுத்த வாரமும் வா பெர்னி, அடுத்த வாரமும் கெடைக்கும்!"

விளம்பர இடைவேளையில் விக்கிடம் மெதுவாகக் கேட்டேன்: "தொண்ட அடைக்கலையா இன்னிக்கு? நான் திட்டினதுக்காகவா இப்படிப் பேசினீங்க?"

"நீ எப்படா என்னத் திட்டின? முப்பத்தொண்ணுக்குப் பத்துடா தம்பி! எனக்கு வயிறு எரியுது!"

சத்தியமாக அவருக்கு எதுவும் ஞாபகம் இல்லை. அவருக்கு இருந்த கோபத்தில் கருவியின் இரைச்சல்கூடக் காதில் விழவில்லை. தோற்றுப்போன எங்கள் அணிக்கு நான் மனசார நன்றி சொன்னேன். வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான்.

மூன்றாவது லைனில் பெர்னி இன்னும் இருந்தார். பேச்சுச் சத்தம் இல்லை. வெறும் காற்று, விட்டு விட்டு வந்தது. அழுகிறார் என்று பயந்துபோனேன். அப்புறம்தான் புரிந்தது. குரல்வளை இல்லாதவர் விழுந்து விழுந்து சிரித்தால் அப்படித்தான் கேட்கும்.

"டென்னி... குறுக்கப் பேசினான்... கேட்டியா?"

"கேட்டேன் பெர்னி. அவர்கிட்ட ஏதாவது சொல்லணுமா? நன்றின்னு?"

"மூச்சு விடாத," என்றது அந்தக் கருவி. "தெரிஞ்சுதுன்னா... மறுபடியும்... நல்லவனா ஆயிடுவான்."