வாரண்டி முடியப் பத்தொன்பது நாள்

திரையில் முதலில் பச்சைக் கோடுகள் வந்தன. கேபிள் தளர்ந்திருக்கும் என்று கிரேசி அதை அழுத்திவிட்டாள். கோடுகள் போயின. பத்து நிமிடத்தில் மறுபடி வந்தன, இந்த முறை திரை முழுக்கக் கட்டம் கட்டமாக. பிறகு எல்லாம் கறுத்துப்போனது. கம்ப்யூட்டருக்குள் விசிறி மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் சுற்றிக்கொண்டிருந்தது.

கிரேசிக்கு முப்பத்தாறு வயது. ஒரகடம் கூட்டுரோட்டுக்குப் பின்னால், புதிதாக மனை பிரித்த இடத்தில் இரண்டு அறை வீடு. கணவன் டெனிசன் கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். அவளும் எட்டு வருடம் அதே மாதிரி ஒரு பஸ்ஸில் ஏறி இறங்கியவள்தான். எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை ஒன்றில், பூதக்கண்ணாடிக்குக் கீழே சர்க்யூட் போர்டு வைத்து, ஒரு பாகம் சாய்ந்திருக்கிறதா, ஈயம் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. கேமரா வைத்த இயந்திரம் ஒன்று லைனுக்கு வந்தது. அடுத்த மாதம் அவளோடு சேர்த்துப் பதினோரு பெண்களின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

அதன் பிறகு தண்டலத்தில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் டிசைன் படித்தாள். வெல்டிங் செய்யும்போது இரும்புப் பாகம் அசையாமல் பிடித்துக்கொள்ளும் சாதனத்துக்கு ஃபிக்சர் என்று பெயர். அதை முப்பரிமாணத்தில் வரைந்து கொடுக்கும் வேலையை வீட்டிலிருந்தே செய்ய ஆரம்பித்தாள். நம்பிராஜன் என்கிற சிறிய பட்டறை முதலாளி முதல் முறையாகப் பெரிய வேலை கொடுத்திருந்தார். இரண்டு ஃபிக்சர், இருபத்தைந்தாம் தேதிக்குள். திரை கறுத்தது ஒன்பதாம் தேதி.

பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்த டெனிசன் பெட்டியைத் திறந்து பார்த்தான்.

"இன்னா ஆச்சி? கரண்ட்டு வர்துல்ல?"

"வர்து. மானிட்டர் ஒயர மதர்போர்டுல நேரா சொருவினா படம் வர்துங்க. கார்டுல சொருவினா இல்ல. கார்டுதான் போய்ட்ச்சி."

திரைக்குப் படம் தரும் கிராஃபிக்ஸ் கார்டு அந்தக் கம்ப்யூட்டரிலேயே விலை அதிகமான பொருள். இன்னொன்று வாங்கும் நிலையில் அவர்கள் இல்லை. அலமாரியில் அதன் அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்தாள். மூன்று வருட வாரண்டி. விரல் விட்டு எண்ணினாள். இருபத்தெட்டாம் தேதியோடு முடிகிறது. நிம்மதி வரவில்லை. இந்தப் பத்தொன்பது நாளில் ஏதாவது ஒன்று தவறினால்?

மறுநாள் காலை கார்டைப் பஞ்சு அட்டையோடு பெட்டியில் வைத்து, துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். ஷேர் ஆட்டோவில் சிங்கப்பெருமாள் கோவில், அங்கிருந்து மின்சார ரயில். தாம்பரத்தில் ஏறிய கூட்டம் அவளைக் கதவுப் பக்கம் தள்ளியது. யாருடைய முதுகோ மோதி, பை கம்பியில் இடித்தது. 'டொக்' என்று ஒரு சத்தம். பெட்டியைத் திறந்து பார்க்க இடமில்லை. இறங்கிய பிறகும் அவள் திறக்கவில்லை. திறக்கப் பயமாக இருந்தது.

சர்வீஸ் சென்டரில் கவுண்டரில் இருந்த பெண்ணின் சட்டையில் சசிரேகா என்று பெயர் குத்தியிருந்தது. அவள் கார்டின் சீரியல் நம்பரைக் கம்ப்யூட்டரில் அடித்துவிட்டு பில்லைக் கேட்டாள். கிரேசி நீட்டினாள். சசிரேகா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"மேடம், இதுல ஒண்ணுமே தெரியலயே. எல்லாம் அழிஞ்சிபோயிருக்கு."

கிரேசி வாங்கிப் பார்த்தாள். வெள்ளைத்தாள்போல இருந்தது. கடையின் பெயர் மட்டும் நிழலாகத் தெரிந்தது.

"பில் இல்லாம எடுக்க முடியாது மேடம். கடையில காப்பி வாங்கி அனுப்பச் சொல்லுங்க."

கடைக்கு போன் போட்டாள். எடுத்தவர், "மூணு வருசத்துக்கு முந்தின பில்லாம்மா? தேடித்தான் சொல்லணும்" என்று வைத்துவிட்டார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை போனைப் பார்த்தாள். ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு மூடினார்கள். வெளியே படிக்கட்டில் நின்றாள். இரண்டு மணிக்குத் திறந்தார்கள். இரண்டே முக்காலுக்கு வாட்ஸ்அப்பில் பில் வந்தது. தேதி சரியாக இருந்தது.

சசிரேகா கார்டை வெளியே எடுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள். கிரேசி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'வெளிச்சேதம் இல்லை' என்று சீட்டில் எழுதப்பட்டது. லைனில் அடுத்த ஷிஃப்ட்டுக்குப் போர்டை ஒப்படைக்கும்போது இரண்டு பக்கமும் படம் எடுப்பது கட்டாயம். அந்தப் பழக்கத்தில் கிரேசி கவுண்டர் மேல் வைத்தே இரண்டு படம் எடுத்தாள். பிறகுதான் சசிரேகா கார்டை வெள்ளி நிறக் கவர் ஒன்றில் போட்டு மூடினாள்.

"எத்தினி நாளாவும்மா?"

"இருபத்தோரு வேலை நாள் வரைக்கும் ஆவும் மேடம்."

இருபத்தைந்தாம் தேதி போச்சு என்று அப்போதே தெரிந்தது.

வீட்டில் மானிட்டரை மதர்போர்டிலேயே சொருகி, கார்டு இல்லாமலே வேலையைத் தொடர்ந்தாள். மாடலைத் திருப்பினால் திரை உறைந்துவிடும். நான்கு, ஐந்து என்று எண்ணுவாள். பிறகு ஒரு குலுக்கலில் நகரும். நிறம், நிழல் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வெறும் கோடுகளாக வைத்து வரைந்தாள். முன்னால் இருக்கும் கோடு எது, பின்னால் இருப்பது எது என்று கண் குழம்பியது. ஒரு துளையைத் தவறான பக்கத்தில் போட்டு, அரை நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தாள்.

பதினேழாம் தேதி போன் வந்தது. சசிரேகாதான்.

"மேடம், உங்க கார்டு ரிஜெக்ட் ஆயிடுச்சி. பின்பக்கம் ஒரு பாகம் உடைஞ்சி விழுந்திருக்கு. கஸ்டமர் டேமேஜ்னு எழுதியிருக்காங்க. வாரண்டியில வராது. வந்து வாங்கிக்கோங்க."

கூடவே ஒரு படமும் அனுப்பினார்கள். சிவப்பு வட்டத்துக்குள் வெறும் ஈயப் புள்ளிகள் இரண்டு. அங்கே ஒரு கெப்பாசிட்டர் இருந்திருக்க வேண்டும், அரிசிக் குருணை அளவில். எட்டு வருடம் பார்த்த கண்ணுக்கு அது பட்டென்று தெரிந்தது. ரயிலில் கேட்ட 'டொக்' காதுக்குள் திரும்ப ஒலித்தது.

டெனிசன் வந்ததும் சொன்னாள். "நான்தாங்க ஒடச்சிருக்கேன். தாம்பரத்துல பை கம்பில இட்ச்சிது. உங்க கிட்ட சொல்லல."

டெனிசன் சட்டைப் பொத்தானைக் கழற்றியபடி நின்றான். "கவுண்டர்ல போட்டோ எட்த்தேன்னு சொன்னியே. அதுல பாத்தியா? அந்தப் பாகம் கீதா இல்லியா?"

"பாக்கல."

"ஏன் பாக்கல?"

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். பார்த்து, அதிலேயே அந்த இடம் காலியாக இருந்துவிட்டால் அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை. பார்க்காத வரைக்கும்தான் ஏதோ ஒரு வழி இருப்பதுபோல இருந்தது. டெனிசனுக்கு அது புரிந்ததா தெரியவில்லை. அவன் வற்புறுத்தவில்லை.

மறுநாள் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருக்கும்போதுதான் போனை எடுத்தாள். படத்தை விரலால் பெரிதாக்கினாள். வலது ஓரத்திலிருந்து வரிசையாக வந்தாள், லைனில் வருவதுபோலவே. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்காவது இருந்தது. நேராக, இரண்டு முனையிலும் ஈயம் பளபளக்க உட்கார்ந்திருந்தது. சர்வீஸ் சென்டர் அனுப்பிய படத்தில் காலியாக இருந்த அதே இடம். மறுபடி எண்ணினாள். மூன்றாம் முறையும் எண்ணினாள். ரயில் வந்து நின்றதையே கவனிக்கவில்லை. ஓடிப்போய்க் கடைசிப் பெட்டியில் ஏறினாள்.

ஏறியதும் வேறு பயம் பிடித்தது. இதை அவர்கள் நம்ப வேண்டுமே.

சசிரேகா உள்ளே போய் இன்ஜினியரை அழைத்து வந்தாள். ராஜாமணி என்பவர், ஐம்பதை நெருங்கிய மனிதர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியபடி வந்தார். படத்தைப் பார்த்தார்.

"இது எப்ப எடுத்ததுன்னு நமக்கு எப்படிம்மா தெரியும்? ரிப்பேர் ஆவறதுக்கு முன்னாடி எடுத்ததாக்கூட இருக்கலாம்."

"பின்னாடி பாருங்க சார். கவுண்டர்ல விரிச்ச உங்க நீல மேட்டு. ஓரத்துல உங்க சீட்டு, என் பேரு எழுதினது. இந்த மேடம் கையிகூட கீது."

சசிரேகா எட்டிப் பார்த்தாள். "என் வளையல்தான் சார்" என்றாள் மெதுவாக.

ராஜாமணி படத்தை இன்னும் பெரிதாக்கிப் பார்த்தார். கிரேசி கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், கார்டு வச்ச கவர கொஞ்சம் எட்த்துக்கினு வாங்க. ஈயம் ஒழுங்கா பிடிக்காதது லேசா தட்டினாலே வந்துடும். வந்தா கவருக்குள்ளதான் இருக்கணும்."

அவர் உள்ளே போய் வெள்ளி நிறக் கவரைக் கொண்டு வந்தார். ஒரு வெள்ளைத்தாளின் மேல் கவிழ்த்துத் தட்டினார். ஒன்றும் விழவில்லை. மறுபடி தட்டினார். தூசிதான் விழுந்தது. பின்னால் டோக்கனோடு காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கிரேசிக்குத் தாம்பரத்தில் இடித்தது நினைவுக்கு வந்தது; படத்தைத் தான்தான் தப்பாக எண்ணிவிட்டோமோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

ராஜாமணி கவரின் உள்பக்கத்தை வெளியே திருப்பினார். மூலை மடிப்பை நகத்தால் நீவினார். தாளில் பழுப்பாக ஒரு குருணை விழுந்தது.

நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "எங்கம்மா வேலை பாத்தீங்க?"

"ஒரகடத்துல சார். எட்டு வருசம் இன்ஸ்பெக்‌ஷன் லைன்ல இருந்தேன்."

"ம்." தாளைக் கவனமாக மடித்தார். "இங்க வந்தப்புறம்தான் விழுந்திருக்கு. ட்ரேவுல போட்டு எடுத்துக்கினு போவ சொல்ல தட்டியிருக்கும். இது விழுந்ததால கார்டு போவல, மெயின் சிப்பே போயிருக்கு. அது வாரண்டில வரும். நான் திருத்தி எழுதறேன். ஆனா ஹெட் ஆபீஸ் ஒத்துக்கணும்."

"தேதி தாண்டிட்டா சார்?"

"நீங்க குடுத்த தேதிதான் கணக்கு. பயப்படாதீங்க."

பயப்படாதீங்க என்றால் பயம் போய்விடுமா? திருத்திய சீட்டை வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் வெளியே வந்தாள். அன்று மாலையே நம்பிராஜனுக்குப் போன் போட்டு நடந்ததை மறைக்காமல் சொன்னாள். ரெண்டாவது ஃபிக்சருக்கு இன்னும் பத்து நாள் வேண்டும் என்றாள்.

திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் அவர். "என்னம்மா இப்படிச் சொல்லுதிய. இருபத்தாறாந் தேதி ஆர்டர் குடுத்த பார்ட்டி வாராவ. நான் என்னத்தச் சொல்லுவேன்?" பிறகு அவரே முடிவு சொன்னார். "சரி, ஒண்ணயாவது ஒழுங்கா முடிச்சிக் குடுங்க. இன்னொண்ண நான் வேற ஆளுகிட்ட பாத்துக்கிடுதேன்."

அது வலித்தது. ஆனாலும் அவர் சொன்னதில் தப்பில்லை என்று அவளுக்குத் தெரியும். மீதி ஏழு நாளும் வெறும் கோடுகளோடு மல்லுக்கட்டி, இருபத்தைந்தாம் தேதி மதியம் முதல் ஃபிக்சரின் வரைபடங்களை அனுப்பினாள். துளை ஒவ்வொன்றையும் மூன்று முறை சரிபார்த்தாள்.

இருபத்தேழாம் தேதி தலைமை அலுவலக ஒப்புதல் குறுஞ்செய்தியாக வந்தது. அடுத்த மாதம் பதினோராம் தேதி மாற்றுக் கார்டு வந்தது. பளபளப்பான பெட்டி இல்லை, பழுப்பு அட்டை. பழைய மாடலும் இல்லை, அதற்குச் சமமான வேறொன்று. அதற்கு இனிமேல் தொண்ணூறு நாள்தான் பொறுப்பு என்று சீட்டு ஒட்டியிருந்தது. டெனிசன் ஸ்க்ரூ முடுக்கினான். அவள் பூதக்கண்ணாடி வைத்து முன்னும் பின்னும் பார்த்த பிறகே பட்டனை அழுத்த விட்டாள். திரை வந்தது.

அதற்குப் பிறகும் ஒரு வாரம் விசிறிச் சத்தம் சற்று மாறினாலும் எழுந்து வந்து பார்த்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை நம்பிராஜன் படம் ஒன்று அனுப்பினார். அவள் வரைந்தது இரும்பாக மாறி, பட்டறை மேஜையில் ஒரு பாகத்தைக் கவ்விப் பிடித்திருந்தது. கீழே குரல் செய்தி: "நல்லாருக்கும்மா. ஒரு இடத்துல மட்டும் கிளாம்ப் வெல்டிங் கன்னுல இடிக்கி. அதச் சரிபண்ணி அனுப்புங்க. அடுத்த மாசம் மூணு உருப்படி இருக்கு, பேசுவோம்."

கிரேசி கோப்பைத் திறந்தாள். நிறம், நிழல் எல்லாவற்றோடும் மாடல் சுழன்றது. பாகத்தைக் கவ்வும் கிளாம்ப் வெல்டிங் துப்பாக்கி வரும் வழியில் நீட்டிக்கொண்டிருப்பது உடனே தெரிந்தது. கிளாம்ப்பை நான்கு மில்லிமீட்டர் பின்னால் நகர்த்தினாள்.