இவெட் லிண்டோவின் வெள்ளைக் கட்டிடம்

தென் லண்டனில் எங்கள் வார்டில் போலீஸ் எதைக் கவனிக்க வேண்டும் என்று தீர்மானிப்பது போலீஸ் அல்ல. சர்ச் ஹாலில் பிஸ்கட் தின்றுகொண்டே கை தூக்கும் பத்துப் பன்னிரண்டு பேர்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடுவார்கள், மூன்று விஷயங்களுக்கு வாக்களிப்பார்கள். அடுத்த கூட்டம் வரை வார்டு போலீஸ்காரர்களுக்கு முதல் வேலை அந்த மூன்றுதான். வராதவனுக்கு வாக்கு இல்லை. வருகிறவர்கள் யார் என்று கேட்டால் எனக்கு வாயில் கெட்ட வார்த்தைதான் வரும்: பெரும்பாலும் மேட்டுத் தெருவின் சொந்த வீட்டுக்காரர்கள்.

இந்தக் கூட்டத்தின் தலைவி இவெட் லிண்டோ. ஜமைக்காவிலிருந்து வந்தவர்களுக்கு இதே வார்டில் பிறந்தவள், ஓய்வு பெறும்வரை பஸ் ஓட்டியவள். அவள் ஓட்டிய பஸ்ஸின் கண்ணாடியை எவனோ கல்லெறிந்து உடைத்தான். சண்டை போடத்தான் முதல் கூட்டத்துக்கு வந்தாள். அவள் போட்ட சத்தத்தில் அப்போதைய தலைவர் பதவியை விட்டுவிட்டுப் போனார். வேறு யாரும் முன்வராததால் அவளையே உட்காரவைத்தார்கள். அதற்கப்புறம் அவளை அந்த நாற்காலியிலிருந்து யாராலும் அசைக்க முடியவில்லை.

அவள் குடியிருப்பது நகராட்சி வாடகைக்கு விடும் கவுன்சில் கட்டிடமான லார்க்ஃபீல்ட் பிளாக்கில். அங்கே போலீஸுக்குப் போன் செய்தவன் என்று பெயர் வந்தால் நிம்மதி போயிற்று. அதனால் எல்லாரும் இவெட்டிடம் சொல்வார்கள். "அவங்களுக்கு எதுக்குப் போன் பண்றீங்க? எனக்குச் சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்" என்பாள். சொன்னபடி பார்த்தும் கொண்டாள். சார்ஜென்ட் ஹாலரனைக் கூப்பிடுவாள், மனிதர் வந்து படிக்கட்டில் நிற்கிறவர்களை விரட்டுவார், இவள் வீட்டில் டீ குடித்துவிட்டுப் போவார். அதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை.

ஹாலரன் ஓய்வு பெற்றார். கொஞ்ச நாளில் போதைப்பொடி விற்கும் கும்பல் ஒன்று படிக்கட்டில் குடியேறியது. மூன்றாம் மாடி எஃபுவா, ஆஸ்பத்திரி சமையலறையில் வேலை செய்யும் கானாக்காரி, "வழி விடுங்க" என்று கேட்ட பாவத்துக்கு அவள் கதவை உதைத்து உடைத்தார்கள். இவெட்டுக்கு ரத்தம் கொதித்தது. அடுத்த மூன்று மாதமும் மாலைதோறும் அந்தப் படிக்கட்டில் போலீஸ் நிற்க வேண்டும், அதை வாங்கியே தீருவேன் என்று எஃபுவாவைக் கூட்டத்துக்கு இழுத்துவந்தாள்.

"நீ கை மட்டும் தூக்கு. மத்தத நான் பாத்துக்கறேன்."

புது சார்ஜென்ட் கிர்வன் வார்டின் வரைபடத்தைத் திரையில் போட்டாள். குற்றம் அதிகமுள்ள இடம் அடர் சிவப்பு. செல்போன் பறிக்கும் கடைத்தெரு ரத்தமாகக் கிடந்தது. மேட்டுத் தெருகூட இளஞ்சிவப்பு. லார்க்ஃபீல்ட் மட்டும் துடைத்துவிட்ட மாதிரி வெள்ளை.

மேட்டுத் தெரு சங்கத்தின் காலின் புரூவெட் தொண்டையைச் செருமினார். "படிக்கட்டு, படிக்கட்டுன்னு குதிக்கிறீங்களே மேடம், அங்க வருஷம் பூரா ஒரு குற்றமும் இல்லையே? எங்க நடைபாதையில ஸ்கூட்டர் பறக்குது. வயசானவங்க நடக்க முடியல."

"உங்க தெருவுல பூனை தும்முனாக்கூட நாலு பேர் போலீஸுக்கு எழுதுவீங்க, காலின்!"

"எழுதறோம்ல? அதான் படத்துல இருக்கோம்."

நான்கைந்து பேர் சிரித்தார்கள். இவெட் மேசையைத் தட்டினாள். "எத்தன தடவ சொல்லியிருக்கேன்னு ஹாலரனக் கேளுங்க!"

கிர்வன் குரலை உயர்த்தவில்லை. "அவர் உங்களுக்கு உதவி பண்ணியிருக்கலாம் மேடம். ஆனா ஒண்ணுகூடப் பதிவாகல. புகாரே இல்லாத இடத்துக்கு ஆள் கேட்டா மேல இருக்கறவங்க தர மாட்டாங்க."

எஃபுவா எழுந்தாள். "என் கதவு உடைஞ்சப்பவும் உங்ககிட்டதான ஓடி வந்தேன், ஆன்ட்டி. யார்கிட்ட சொன்னீங்க?"

இவெட்டின் அந்தப் பெரிய குரல் எங்கே போனதோ. "ஹாலரனுக்குப் போன் போட்டேன்மா. யார்கிட்டயாவது சொல்லிடறேன்னாரு."

"வேலைய விட்டுப் போனவருகிட்டயா?"

"அவருக்கு எல்லாரையும் தெரியும்மா..."

"எனக்குத் தெரிஞ்சது உங்கள மட்டும்தான். போலீஸுக்குப் போகாத, நான் பாத்துக்கறேன்னீங்க. நானும் நம்பிக் கெடந்தேன். கதவுல பலகை அடிச்சுக்கிட்டு, ராத்திரியெல்லாம் நாற்காலிய முட்டுக் குடுத்துக்கிட்டு."

ஹாலில் யாரும் பிஸ்கட்டைத் தொடவில்லை. காலினுக்கு மட்டும் அவசரம். "ஓட்டு எடுத்துடலாமா, மேடம்?"

எடுத்தார்கள். ஸ்கூட்டருக்கும் செல்போன் பறிப்புக்கும் தெருவில் கொட்டும் குப்பைக்கும் கைகள் காடாக எழுந்தன. படிக்கட்டுக்கு இவெட்டும் எஃபுவாவும் பாதிரியாரும் மட்டும் தூக்கினார்கள். லார்க்ஃபீல்டை ஒரேயடியாகக் கைகழுவிவிட்டார்கள், பாவிகள். அவர்களுக்கு அந்த வழியைப் போட்டுக் கொடுத்தவள் இவெட். அது அவளுக்கும் தெரிந்தது, முகம் பேயறைந்தது போலிருந்தது.

எஃபுவா கைபேசியை எடுத்து போலீஸ் எண்ணை அழுத்தினாள். இவெட் பழக்கதோஷத்தில் கையை நீட்டினாள். "குடும்மா, நான் பேசறேன்."

"வேணாம். நீங்க பேசுனதெல்லாம் போதும். என் கதவு, நானே சொல்லிக்கறேன்."

சுவரோரமாகப் போய், எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அடுத்தது என்ன என்றார் காலின். இவெட்டின் காது முழுக்கச் சுவரோரத்தில் இருந்தது.

"ஆமா, கதவ உடைச்சாங்க," என்றாள் எஃபுவா போனில். எதிர்முனையில் ஏதோ கேட்டார்கள். அவள் சற்று யோசித்தாள். "இல்லைங்க. இதுக்கு முன்னாடி யார்கிட்டயும் சொன்னதில்ல."