கடலைக்காட்டு வேலியில் ஒரு பல்பு

அன்றைக்கு என் கொழுந்தனை நான் வெட்டியிருந்தாலும் வெட்டியிருப்பேன். கையில் அரிவாள் இருந்தது, அதற்குமேல் ஆத்திரம் இருந்தது.

சாணார்பட்டிப் பக்கம் எங்கள் கடலைக்காட்டைக் காட்டுப்பன்றிகள் கிளறிப் போட்டதும், அவன் மோட்டார் ரூமிலிருந்து வேலிக்கம்பிக்கு நேராகக் கரண்ட் இழுத்துவிட்டான். நடுவில் இருநூறு வாட் குண்டு பல்பு ஒன்று. சாயங்காலம் நான் போனபோது சுவிட்சைப் போட்டுவிட்டு வந்து வேலியோரம் நின்றான். அவனுடைய ஆறு வயது மகள் வரப்பில் நாயோடு விளையாடிக்கொண்டிருந்தாள்.

"புள்ள கை வச்சா என்ன ஆகும் தம்பி?"

"ஒன்னும் ஆகாது மதினி. கரண்ட்டப் பல்பு இழுத்துக்கிரும். யாரும் தொட்டா பல்பு எரியும், ஓடிப்போய் அமத்திருவேன்."

அந்தப் பக்கம் பலபேர் நம்புகிற பைத்தியக்காரத்தனம் இது. நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவள்.

"பல்பும் உடம்பும் ஒரே வரிசையில நிக்குது. ரெண்டுலயும் ஒரே கரண்ட்தான் ஓடும். வோல்ட்டத்தான் பங்கு போடும், தடை பெருசா இருக்கிறதுக்குப் பெரும்பங்கு. எரியாத பல்பு முப்பது ஓம் தேறாது, ஈர மண்ணுல நிக்கிற உடம்பு ஆயிரம் ஓம். இருநூத்தி முப்பது வோல்ட்டுல பல்புக்கு ஆறேழு. மிச்சம் அம்புட்டும் உடம்புக்கு."

"அப்ப பக்கத்துலயே இன்னொரு பல்பு மாட்டிர்றேன். பாதிபாதியாப் பிரிச்சுக்கும்."

"அடப்பாவி, பக்கத்துல பக்கத்துல மாட்டினா பல்புகளோட தடை பாதியாக் கொறையும். உடம்புக்கு இன்னும் கூடத்தான் போகும்."

"அத பள்ளிக்கூடத்துல சொல்லுங்க. இது காடு."

ஒயரை வெட்ட, மரப்பிடி போட்ட அரிவாளை ஓங்கினேன். அவன் என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். அரிவாள் கீழே விழுந்தது. அந்நேரம் ஓணானைத் துரத்திய நாய் கம்பியில் போய் முட்டியது. குரைக்கக்கூட இல்லை. வாய் கம்பியைக் கவ்வியபடி இறுகி, உடம்பு வில்லாக வளைந்து துடித்தது. அவன் நாயைப் பார்க்கவில்லை, பல்பைப் பார்த்தான்.

"பல்பு எரியலயே, ஒன்னுமில்ல" என்றான்.

பிள்ளை நாயைத் தூக்க ஓடினாள். நான் பாய்ந்து அவள் சடையைப் பிடித்து, இருந்த பலத்தையெல்லாம் கூட்டி இழுத்துத் தரையில் அடித்தேன். அவள் அலறினாள். அவன் என்னைக் கன்னத்தில் அறைந்தான். உதடு கிழிந்தது.

"பச்சப்புள்ளைய ஏன்டி அடிக்கிற?"

அப்புறம்தான் அவனுக்கு நாயின் வாய் கருகுகிற நாற்றம் எட்டியது. மோட்டார் ரூமுக்கு ஓடினான்.

சுவிட்சை அணைத்துவிட்டு வந்தவன் என் மூடிய கையைப் பிரித்துப் பார்த்தான். பிள்ளையின் முடி ஒரு கொத்து, வேரோடு இருந்தது. அதை வாங்கிக்கொண்டு, அவளை மடியில் போட்டு, வரப்பிலேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். எனக்குப் பாவமாகவே இல்லை.